ஏழாம் வட்டாரம்

கெவுய் தீவில் ஒரு யூகலிப்டஸ்.
வடமேற்குக் காற்று எழும்போதெல்லாம்
ரேடியோத் தட்டுக்குக் குறுக்கே தலையை நீட்டும்.
இணைப்பு போகும்.
காற்று ஓய்ந்தால் வரும்.
மரம் யாருடையதென்று இரண்டு குடும்பங்கள் வழக்காடுவதால்
வெட்டவும் முடியாது.

அவ்வளவுதான் நடப்பது.
ஆனால் நூற்று எண்பத்தாறு ரூட்டர்களுக்கும் அது தலைபோகிற செய்தி.
அங்கூத் மீன்துறை அலுவலகத்தில்,
கெயோன் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே,
சால்மன் பண்ணைகளின் மிதக்கும் அறைகளில்
ஒவ்வொன்றும் கையிலிருக்கும் வரைபடத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு
முதலிலிருந்து கணக்குப் போடும்,
எந்த வழி குறுக்கு, எந்த வழி மலிவு என்று.
போட்டு முடிப்பதற்குள்
மரம் மறுபடி தலையாட்டும்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று
ஏழு வருஷம் முன்பு இதைக் கட்டியவள் நான்தான்.
அன்றைக்கு இருந்தவை பன்னிரண்டு.
பன்னிரண்டு பேர் ஒரு மேசையில் உட்காரலாம்,
ஒருவர் பேச மற்றவர் கேட்கலாம்.
நூற்று எண்பத்தாறு பேர் கூடினால் அது சந்தை.

ஜூலை மாதம், இரவு இரண்டு மணி.
காஸ்த்ரோவில் ஜன்னல் கொள்ளாத மழை.
பிரித்தேன்.

கண்ணாடி இழை ஓடும் நெடுஞ்சாலை ஊர்கள் பூஜ்யம்.
மற்றவற்றுக்கு ஆளுக்கொரு எண்.
எந்த எண்ணும் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
லெமுய்க்கும் கெவுய்க்கும் படகில் கொஞ்ச நேரம்தான்;
பாக்கெட்டோ காஸ்த்ரோ வரை வந்துதான் போக வேண்டும்,
பங்காளி வீட்டுக்குப் பெரியப்பா வாசல் வழியாகப் போவதுபோல.

எல்லையில் நிற்கும் ரூட்டருக்கு மட்டும்
இங்கொரு கால், அங்கொரு கால், வரைபடம் இரண்டு.
உள்ளே நடக்கிற சச்சரவையெல்லாம் கேட்டுக்கொள்ளும்.
வெளியே ஒரே வரி சொல்லும்:
இந்த முகவரிகள் என் பின்னால் இருக்கின்றன.

கெவுய்க்கு நான் உலகப் படம் தரவில்லை.
தெரியாத ஊர் எதுவானாலும்
இதோ, இந்த ஒரு வாசல்.

என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் உடன்பிறப்பு.
தீவில் ஏழு என்று கொடுத்தேன்.
கரையில், காகிதத்தைப் பார்த்து, ஒன்று.

தீவு ஹலோ சொன்னது.
கரையும் ஹலோ சொன்னது.
பத்து விநாடிக்கு ஒருமுறை, தவறாமல்.
எண் பொருந்தவில்லை.
காதில் விழுந்தும் விழாத மாதிரி
நீருக்கு இரண்டு பக்கமும் நின்றன.

தொலைபேசி அடித்தது.
சுகாதார நிலையத்து இரவுக் காவல், எலியேசர்.
"யாஸ்னா, இங்கே ஒரு கிழவருக்கு மூச்சு வாங்குது.
டாக்டர் திரையில உறைஞ்சு நிக்கிறார்."

பதினோரு நிமிடம்.
அதில் ஒன்பது நிமிடம்
நான் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் பெருங்காற்று.
மரம் நாற்பது தடவை தலையாட்டியிருக்கும்.
அங்கூத்தில் யாரும் நிமிரவில்லை.
கெயோன் தூங்கியது.
என் திரையில் ஏழாம் வட்டாரம்
ஒற்றை வரியாக, பச்சையாக, அசையாமல்.

அந்தப் பச்சையைத்தான் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.
உள்ளே ஒரு வீடு அணைந்தாலும்
அந்த வரி மாறாது.
அந்த வீட்டைத் தேடி வருவது எல்லை வரை வரும்,
அங்கேயே செத்துப்போகும்.
இது பிழையில்லை. இதைத்தான் கேட்டு வாங்கினேன்.

எலியேசரிடம் சொல்லிப் பார்த்தேன்.
அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார் போல,
கத்தி சத்தம் கேட்டது.

"அப்போ நாங்க விழுந்தா உனக்குத் தெரியாது."
எல்லையில் நிற்பதற்குத் தெரியும், என்றேன்.
"அது உங்கிட்டச் சொல்லுமா?"
கேட்டால் சொல்லும்.

கத்தி நின்றது.
"அப்போ கேளு" என்றார்.